உதடு மேலே, வேர் கீழே

பூ ஊறிக்கொண்டிருந்தது. பூ என்று சொன்னால் யார் நம்புவார்கள், எள்ளில் பாதிதான் இருக்கும், அதுவும் காய்ந்து கருத்துப்போய் கண்ணாடிக் கிண்ணத்து வெந்நீருக்கு அடியில் தூசி மாதிரிக் கிடந்தது. ஊறட்டும், அவசரப்பட்டால் கிழிந்துபோகும் என்று செண்பகவடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்ன கையோடு ஊசியை எடுத்தாள், எடுத்த ஊசியை மறுபடி வைத்தாள். கல்லூரி மணி அடித்து, பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிய சத்தமும் அடங்கி, தாவரவியல் துறையின் பின்னறையில் அவளும் இரும்பு அலமாரிகளும் நாப்தலின் வாடையும்தான் மிச்சம். பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் வழியாக வந்து மேஜைமேல் விரித்திருந்த தாளில் பாதியை மஞ்சளாக்கியிருந்தது. அந்தத் தாளில்தான் செடி. தைத்து, ஒட்டி, வேர் கீழே, இலை மேலே. பின்னல் சடையை இஸ்திரி போட்டு வைத்த மாதிரி தட்டைத் தட்டையான இலைகள், அதற்குள்ளிருந்து எலிவால் கனத்தில் ஒரு பூங்கதிர் நேரே மேல்நோக்கிப் போயிருந்தது. கீழே வலது கை மூலையில் சீட்டு. சீட்டில் ஒபெரோனியா சொரிமுத்துயி என்று அவளே டைப் அடித்த பேர். ஒபெரோனியா என்பது செடியின் குலம், மரத்துக் கிளையில் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிட் குலம். சொரிமுத்து அவள் வீட்டுக்காரர். உலகத்தில் வேறு எந்த லைன்மேன் பேரிலும் ஆர்க்கிட் கிடையாது என்று அவர் டீக்கடையில் சொல்லுவார், இருக்கலாம், யார் கண்டது என்று இவளும் விட்டுவிடுவாள்.

காலையில் வந்த குரல் பதிவை அவள் இதுவரை எத்தனை தடவை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நாகர்கோவிலில் ஆராய்ச்சி செய்கிற பெனிலா அனுப்பியது. பெனிலா நல்ல பெண், அதுதான் வம்பே, திமிர் பிடித்த பிள்ளையாக இருந்தால் போடி என்று ஒதுக்கிவிடலாம். "மேம், தப்பா எடுத்துக்காதீங்க மேம். உங்க செடிய மேல் கோதையாறு பக்கம் பாத்துட்டேன்னு நெனைக்கேன். ஆனா மரத்துல அது தொங்கிட்டு இருக்கு மேம். தொங்குனா பூவோட உதடு கீழ வந்துருது. அப்போ அது அந்தப் பழைய இனம்தானோன்னு ஒரு சந்தேகம். உதட்டு ஓரத்துப் பல்லெல்லாம் பூவுக்குப் பூ மாறுது, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க எடுத்தப்போ எப்படி இருந்துச்சு மேம், நிமிந்தா, தொங்கிட்டா? நாளைக்கு கட்டுரைய அனுப்பணும். நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே போட்டுருவேன் மேம்." அப்படியே போட்டுவிடுவாளாம். அந்தக் கடைசி வரிதான் வடிவைப் பாடாய்ப் படுத்தியது. நிமிர்ந்து என்றால் பேர் நிற்கும். தொங்கி என்றால் சொரிமுத்துயி தனி இனம் இல்லை, நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பேர் வைத்துவிட்டுப் போன செடிதான் அது, அந்தப் பேருக்குக் கீழே இந்தப் பேர் படுத்துக்கொள்ளும். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை அவளிடம் இல்லை. அங்கேதான் சிக்கல், ஏனென்றால் மரத்தில் அந்தச் செடியை அவள் பார்க்கவே இல்லை.

பார்க்கவில்லையா? இரு. யோசி. பார்க்காமலா நிமிர்ந்து வளரும் செடி என்று எழுதினாய்? எழுதியிருக்கிறாளே, அச்சில் இருக்கிறதே, நிமிர்ந்த பூங்கதிர், உதடு மேல்நோக்கியது, இதனாலேயே பிற இனங்களிலிருந்து வேறுபடுகிறது என்று. எங்கிருந்து வந்தது அந்த நிமிர்ந்த என்கிற சொல்? அவள் கண்ணை மூடிக்கொண்டு முறைப்படி, பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்வதுபோல, முதலிலிருந்து வந்து பார்த்தாள். ஆர்க்கிட் பூவில் ஒரு இதழ் மட்டும் மற்றதைப் போல இருக்காது, அதுதான் உதடு, பூச்சி வந்து உட்கார்கிற பலகை. மொட்டுக்குள் அந்த உதடு மேலே இருக்கும். நிமிர்ந்து நிற்கிற கதிராக இருந்தால் பூ விரிவதற்கு முன்னால் காம்பு அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு உதட்டைக் கீழே கொண்டுவந்துவிடும், பூச்சிக்கு வசதியாக. தொங்குகிற கதிராக இருந்தால் முறுக்கவே வேண்டாம், கதிரே தலைகீழாக இருப்பதால் உதடு தன்னாலே கீழே வந்துவிடும். சரி. இவளுடைய செடியில் முறுக்கு இல்லை. அது நிச்சயம், அன்றைக்கே பார்த்தது, இப்போதும் பார்க்கலாம். முறுக்கு இல்லாத பூ, நிமிர்ந்த கதிர், ஆகவே உதடு மேலே, ஆகவே புது இனம். ஆனால் கதிர் தொங்கியிருந்தால் முறுக்கு இல்லாத அதே பூவுக்கு உதடு கீழே, ஆகவே பழைய இனம். அப்படியானால் இந்தப் பூவை ஊறவைத்து என்ன ஆகப்போகிறது? இதைக் கேட்டு என்ன பிரயோஜனம்? பூவுக்கே தெரியாதே தான் எப்படி இருந்தோம் என்று. தெரிந்தும் அவள் ஊறவைத்தாள், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, சும்மா இருந்தால் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டுவிடும்.

கிண்ணத்தை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நகர்த்தினாள். நல்ல கருவியின் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து ரிப்பேருக்குப் போய் வருஷமாகிறது, இது பிள்ளைகள் வெங்காயத் தோல் பார்க்கிற பழசு. இதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஊசியை வலது பக்கம் தள்ளினால் உள்ளே இடது பக்கம் போகும். சர்வீஸ் முழுக்க இதோடு மல்லுக்கட்டியவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, மனசு தானாகவே திருப்பிப் போட்டுக்கொள்ளும், இன்றைக்கு என்னவோ திருப்பிப் போட்டதைத் திருப்பிப் போட்டு, திருப்பினோமா இல்லையா என்றே மறந்துபோனது. வெளுத்துப்போன சிவப்பில் உதடு தெரிந்தது, ஓரத்தில் பல் பல்லாக, கீழே. கீழே தெரிந்தால் மேலே. மேலே என்றால் இந்தப் பூ கிண்ணத்தில் எந்தப் பக்கம் கிடக்கிறது? கதிரின் துணுக்கோடு சேர்த்துத்தானே வெட்டினாள், அந்தத் துணுக்கில் நுனி எது, அடி எது? பறித்த பூவுக்கு மேல் ஏது, கீழ் ஏது. அட கடவுளே, ஒரு எள்ளுப் பொட்டு பொம்பிளையை இந்தப் பாடா படுத்தும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கூடவே, மதியம் டப்பாவில் இருந்த தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

சாப்பாடு இறங்காதது அன்றைக்கும்தான். மகன் வயிற்றில், ஐந்து மாதம். மசக்கை நான்கு மாதத்தில் நின்றுவிடும் என்று சொன்னவர்களை எல்லாம் நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்றிருந்தது. மலைக்குப் போகாதே என்று மாமியார் சொன்னார், டாக்டர் சொன்னார், அவரும் சொன்னார், இவள்தான் கேட்கவில்லை, பூக்கிற காலம் போய்விடும், அடுத்த வருஷம் கையில் பிள்ளை இருக்கும் என்று பிடிவாதம். மின்வாரிய ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு வாந்தி. ஒரு இடத்தில் இனி முடியாது நிறுத்துங்கள் என்றாள். மஞ்சு இறங்கி ஜீப்பின் மூக்குக்கூடத் தெரியவில்லை. அவர் கம்பம் ஏறுகிற பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நீ இரு, நான் ரெண்டு மரம் ஏறிப் பாத்துட்டு வாரேன் என்று இறங்கிப்போனார். கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் பழக்கம், இவள் ஆராய்ச்சி மாணவி, அவர் அந்தப் பக்கத்து லைன்மேன், மரத்துல என்ன வேணும்னு சொல்லுங்க மேடம் எடுத்துத் தாறேன் என்று கம்பத்தில் ஏறுகிற மாதிரி ஏறுவார், இவள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கத்துவாள், இடது பக்கக் கிளை, இல்லை இல்லை அதற்கு மேலே. எடுத்ததைப் பையில் போட்டுக் கயிற்றில் கட்டி இறக்குவார். அந்தப் பையும் கயிறும்தான் கடைசியில் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது. ஆனால் அன்றைக்கு அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. ஜீப் கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு? அவர் வந்தார். மஞ்சுக்குள்ளிருந்து வந்தார். நல்லா நிமிந்து நின்னுச்சு வடிவு என்று சொன்னாரே. சொன்னாரா? குரல் காதில் இருக்கிறது, நல்லா நிமிந்து நின்னுச்சு, ஆனால் அது இந்தச் செடியைப் பற்றியா, பெருங்காற்றுக்குப் பிறகு அவர் நட்ட கம்பத்தைப் பற்றியா, அல்லது மகன் முதல்முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று சொன்னதா. குரல் அதேதான். பக்கத்தில் என்ன நின்றது என்பதைத்தான் காணோம்.

"இன்னும் முடியலியா டீச்சர்?" அட்டெண்டர் இசக்கியம்மாள் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றாள்.

"செத்த நேரம் இசக்கியம்மா. நான் பூட்டிக்கிடுதேன், சாவியக் குடுத்துட்டுப் போ."

"கரெண்ட்டு போயிரும் போல இருக்கு, இருட்டுக்குள்ள இருந்துக்கிடாதிய. முகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கே, சாப்டலியோ? வீடு பால்காய்ப்புக்கு ஓடியோடி அலையிதியளா?"

"ஆமா, அதான்" என்றாள் வடிவு, சாவியை வாங்கிக்கொண்டாள்.

பால்காய்ப்பு. வருகிற வெள்ளிக்கிழமை. அம்பாசமுத்திரத்தில் கட்டின வீடு, அவர் ரிட்டயர் ஆன பிறகு செங்கல் செங்கலாக நின்று பார்த்துக் கட்டினது. வாசல் தூணில் பதிக்கக் கருங்கல் பலகை அடித்து வந்துவிட்டது, பக்கத்து வீட்டுத் தறிகாரர் மகனிடம் படம் வரையச் சொல்லி அந்தப் பூவைப் பெரிதாக்கி, தாமரைக்கும் தவளைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக, அதற்குக் கீழே சொரிமுத்துயி இல்லம். அந்த யி எதற்கு என்று கேட்ட மச்சினனிடம், அது லத்தீனு, ஒனக்குப் புரியாது என்றார். மச்சினன் விடுவானா, யானைக்கு வச்சாலாவது தெரியும், இத்தினிக்கூண்டு பூவுக்குப் போயி வச்சிருக்காளே அக்கா என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவர் ஸ்டூலில் ஏறக்கூடாது என்று காது டாக்டர் சொல்லியிருக்கிறார், கம்பம் கம்பமாக ஏறின மனுஷன், படுக்கையில் திரும்பினாலே உலகம் சுற்றுகிறது, கண்ணை மூடிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். போன மாதம் பல்பு மாற்றுவதற்கு அடுத்த தெருப் பையனைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது, பையன் ஏறி இறங்குகிற வரைக்கும் ஸ்டூலை அவர் பிடித்துக்கொண்டு நின்றார். பெல்ட்டு போச்சு, ஜீப் போச்சு, ஏறுகிற கால் போச்சு, இனிமேல் பேரும் போகணுமா? நான்தான் கொடுத்தேன், நானே பிடுங்கணுமா? அவளுக்குப் பெனிலாமேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போனது, அந்தப் பிள்ளை என்ன செய்யும், மரத்தில் ஏறிப் பார்த்தது, இவள் செய்யவேண்டியதை அது செய்தது.

அப்பா ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் தலைமையாசிரியராக இருந்தவர், எம்.எஸ்சி. படித்த மகளைக் கம்பத்துல ஏறுறவனுக்கா என்று ஒரே கேள்வியோடு கதவைச் சாத்தியவர். கல்யாணத்துக்கு வரவில்லை, மகன் பிறந்ததற்கு வரவில்லை. கட்டுரை அச்சாகி வந்த அன்று வடிவு அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார், லத்தீன் பத்தியைக்கூட உதட்டை அசைத்து வாசித்தார். பூ எவ்வளவு பெருசு என்று கேட்டார். எள்ளுல பாதிப்பா. ம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாப்பிள்ளைய ஒருநா கூட்டிட்டு வா என்றார். மாப்பிள்ளை. அதுவரைக்கும் அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை, அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் வேறு சொல் வரவில்லை. ஆக அந்தச் செடி புது இனம் இல்லை என்றால் அந்த மாப்பிள்ளை? சொன்னது சொன்னதுதானே, இறந்துபோனவர் வந்து திரும்ப வாங்கிக்கொள்ளப்போகிறாரா என்ன. இது என்ன கிறுக்குத்தனம் என்று அவள் தன்னையே அதட்டினாள். அதட்டலுக்கு அடியில் வேறொன்று தலையை நீட்டியது, காலையிலிருந்தே நீட்டுகிறது, இவள்தான் அமுக்கி அமுக்கி வைக்கிறாள். உனக்குச் செடி முதலில் கிடைத்ததா, பேர் முதலில் கிடைத்ததா? கல்யாணத்தன்றே நினைத்தாயே, இவர் பேரில் ஒன்று வைக்க வேண்டும், அப்பா வாசிக்கிற எழுத்தில் வைக்க வேண்டும் என்று. பேர் ரெடியாக இருந்தது, செடிதான் வரவேண்டியிருந்தது. வந்த செடி ஒன்றே ஒன்று, அடுத்த வருஷம் போய்த் தேடினால் மஞ்சுக்குள் எந்த மரம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒன்றை வைத்து எழுதலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினாள், தயங்கிவிட்டு எழுதினாள். பொய் எழுதவில்லை. பொய் இல்லை. ஆனால் கேட்டிருக்கலாம். மரத்துல எப்படிங்க இருந்துச்சு என்று பக்கத்தில் படுத்திருந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? கேட்டோமோ? கேட்டு, அவர் சொல்லி, மறந்துவிட்டதோ?

மேலே – கீழே. இனங்காணும் சாவி என்று ஒன்று எழுதுவார்கள், ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி. உதடு மேல்நோக்கியது, இப்படிப் போ. உதடு கீழ்நோக்கியது, அப்படிப் போ. நடுவில் நிற்க இடம் கிடையாது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போது எவ்வளவு மிடுக்காகச் சொல்வாள், இயற்கை குழப்பாது, நாம்தான் குழம்புவோம் என்று. இப்போது அந்த முச்சந்தியில் இவளே நிற்கிறாள், ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் யார்? பெனிலாவா? உண்மையா? உண்மை என்று சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கிறது, இது ஒரு எள்ளுப் பொட்டு, இதற்காக யாரும் சாகப்போவதில்லை, நிமிர்ந்து இருந்தது என்று எழுதினால் பூமி பிளந்துவிடுமா. பெனிலா அப்படியே போடுவாள். பிறகு வேறு யாராவது ஒரு பிள்ளை ஏறிப் பார்க்கும், நிமிர்ந்த செடியைத் தேடித் தேடிப் பார்க்கும், இல்லாத ஒன்றைக் காணோமே, அழிந்துபோச்சே என்று பட்டியலில் சேர்க்கும். இல்லாத ஒன்றுக்காகக் காட்டில் ஒரு பிள்ளை மழையில் அலையும். வடிவுக்கு அந்த முகம் தெரியாத பிள்ளையின் கால் அட்டைக்கடி கூடத் தெரிந்தது. அப்போது கரெண்ட் போனது. மைக்ராஸ்கோப் விளக்கு அணைந்து பூ இருந்த இடம் வெறும் வட்டமாகிவிட்டது. அவள் போனை எடுத்தாள்.

"ஏ வடிவு, இப்பத்தான் ஒன்ன நெனச்சேன். பூட்டியாச்சா?"

"இல்லங்க. தலசுத்து எப்படி இருக்கு?"

"இன்னைக்கு பரவால்ல. ரெண்டு தடவதான் சுத்துச்சு. மேஸ்திரி வந்துட்டுப் போறாரு, கல்லு நாளைக்குப் பதிச்சிருவாராம். நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்று பொய் சொன்னாள். காரணத்தைச் சொல்லாமல் கேட்க வேண்டும், சாதாரணமாகக் கேட்க வேண்டும், காரணம் தெரிந்தால் இந்த மனுஷன் எனக்காக எதையாவது சொல்லிவிடுவார். "ஏங்க, ஒங்க செடி இருக்குல்லா. நான் ஜீப்புல கெடந்தேனே, அன்னைக்கு. மரத்துல அது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம! நல்ல வழுக்கல் மரம், பாசி, ரெண்டு தடவ சறுக்கிட்டேன். கிளைக்கு அடியில கெடந்துச்சு."

"அடியிலயா?"

"அடியிலதான். தொங்கிட்டுல்லா கெடந்துச்சு. வேரு மேல ஒட்டிக்கிட்டு, எல எல்லாம் கீழ பாத்து, அந்த வாலும் கீழ பாத்து. வவ்வாலு தொங்குமே, அந்த மாதிரி. முன்னெல்லாம் பையில போட்டு எறக்கிருவேன். அன்னைக்கு மேடத்துக்கா குடுக்கேன், பொண்டாட்டிக்குல்லா குடுக்கேன். கல்யாணத்துக்கப்புறம் மொத பூ. தலகீழாக் குடுத்தா நல்லாவா இருக்கும்? நேராத் திருப்பிப் பிடிச்சு, வேர எல்லாம் கீழ சேத்து, கசங்காமக் கொண்டாந்து குடுத்தேன். நீ வாங்கிட்டு மறுபடி வாந்தி எடுத்த." அவர் சிரித்தார். "எதுக்குக் கேக்க?"

மஞ்சுக்குள்ளிருந்து அவர் வந்தது இப்போது முழுசாக வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. குரல் எதுவும் இல்லை. முட்டி சிராய்த்து ரத்தம், சட்டையில் பாசி, வலது கை முஷ்டியில் செடி, வேர் கீழே, கதிர் மேலே, கல்யாண மாப்பிள்ளை செண்டு பிடிக்கிற மாதிரி. அந்த நிமிர்ந்த என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்தாளே, அது மரத்திலிருந்து வரவில்லை, அவர் கையிலிருந்து வந்தது. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாள், அட பாவி மனுஷா, உன் கையை வருணித்து ஒரு இனம் என்று அச்சில் போட்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள், பெனிலா கேட்டது, தொங்கினால் உதடு கீழே, கீழே என்றால் அது பழைய செடி, எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழப்பிச் சொன்னாள்.

அந்தப் பக்கம் மேஸ்திரியின் சைக்கிளோ என்னவோ கேட்டது.

"அப்போ என் பேர அடிச்சிருவாவளா?"

"அடிக்க மாட்டாங்க. ஒருதரம் அச்சுல வந்த பேர யாராலயும் அடிக்க முடியாது, சட்டம் அப்படி. அந்தப் பழைய பேருக்குக் கீழ எப்பவும் எழுதி வருவாங்க."

"கீழ."

"ஆமா. கீழ."

அவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி, "வடிவு, நான் மட்டுந்தான பாத்தேன். அந்த மரமும் இப்ப எங்க இருக்கோ. நிமிந்துதான் இருந்துச்சுன்னு சொல்லிருதேன். ஒனக்கு ஒரு கொறைச்சல் வரக் கூடாதுல்லா. நீ எழுதுனது தப்புன்னு நாலு பேரு சொல்லப்பிடாதுல்லா" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து இவள் அவர் பேருக்காகப் பதறிக்கொண்டிருக்கிறாள், அவர் ஒரு நிமிஷத்தில் இவள் பேருக்காகப் பொய் சொல்லத் தயாராகிவிட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வழுக்கல் மரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

"வேண்டாங்க. அந்தப் புள்ள பாவம். தொங்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு எழுதிருதேன்."

"எழுது. எழுது. அதுதான நெசம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா ஒண்ணு, கல்லுல வெட்டியாச்சே."

"கல்லு கெடக்கட்டும்."

"அதுக்கில்ல. மேஸ்திரி இன்னும் தெருமுக்குலதான் நிக்காரு. தலகீழாப் பதிச்சிரச் சொல்லவா? மரத்துல இருந்தபடிக்கு இருந்துட்டுப் போவுது."

வடிவு சிரித்துவிட்டாள். விளக்கில்லாத அறையில் தனியாக, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் பாட்டுக்கு வழிய, அலமாரி அதிரச் சிரித்தாள். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார், சிரித்ததில் தலை சுற்றியிருக்க வேண்டும், இரு இரு, கட்டிலப் பிடிச்சுக்கிடுதேன் என்றார், சீக்கிரம் வா என்று வைத்துவிட்டார்.

வெயில் இறங்கி மேஜையில் ஒரு கீற்றுதான் மிச்சம் இருந்தது. வடிவு தாளின் இரண்டு முனைகளையும் பிடித்து, செடி உதிராமல் மெல்லத் திருப்பினாள், வேர் மேலே, கதிர் கீழே. லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தாள். கதிரில் மிச்சமிருந்த பூக்கள் ஒவ்வொன்றிலும் உதடு கீழே, பூச்சி வந்து உட்காருகிற மாதிரி, ஒன்று பாக்கியில்லாமல் அதது இருக்க வேண்டிய இடத்தில். இத்தனை வருஷமும் இவற்றைத் தலைகீழாகவா நிறுத்தி வைத்திருந்தோம் என்று இருந்தது. சீட்டு இப்போது இடது பக்கம் மேல் மூலைக்குப் போய்விட்டது, அதிலிருந்த எழுத்தும் தலைகீழ். அவள் அவர் பேரை அப்படியே வாசித்தாள், ஒரு சிரமமும் இல்லை. பிறகு போனை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெனிலாவுக்கு எழுதினாள். கிளைக்கு அடியில் தொங்கிக்கொண்டுதான் இருந்ததும்மா. நீ சொல்வது சரி. நான் மரத்தில் பார்க்கவில்லை, பார்த்தவர் பேர் சொரிமுத்து. அதைக் கட்டுரையில் மறக்காமல் போடு.